கியர் பாக்ஸ் வழக்கு ஜாப் கார்டில் தொடங்குகிறது

புது கார். இரண்டாவது வருடம், முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. கியர் பாக்ஸ் போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "நீங்க ஓட்டுற விதம் சார்", இல்லையென்றால் "உள்ள தண்ணி ஏறியிருக்கு சார்". காவிரி டெல்டாவில் வண்டி வைத்திருப்பவருக்கு இந்த இரண்டையும் மறுப்பது மற்ற ஊர்க்காரர்களைவிடச் சிரமம். ஐப்பசி, கார்த்திகையில் ரோட்டில் தண்ணீர் நிற்காத ஊர் இங்கே கிடையாது. கும்பகோணத்துக் கோயில் வீதிகளில் முகூர்த்த நாளன்று இரண்டாவது கியரைத் தாண்டுவதே அபூர்வம். ஆற்றுக் கரை ரோட்டில் எதிரே நெல் ஏற்றிய டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் கிடைக்கும் வரை ரிவர்ஸில் ஊர்ந்தே வர வேண்டும். நாம் வண்டி ஓட்டும் சூழலையே நமக்கு எதிரான சாட்சியாகக் கம்பெனி நிறுத்துகிறது.

அந்த வாதம் எந்த அளவுக்குச் சரி, சட்டம் நமக்கு என்ன தருகிறது, அதைப் பெற முதல் நாளிலிருந்தே எதையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும் என்று பார்ப்போம். இழப்பீட்டு வழக்குகள் நுகர்வோர் ஆணையத்தில் தோற்பதைவிட சர்வீஸ் சென்டர் கவுண்டரில் தோற்பதே அதிகம். ஆணையத்துக்கு வந்து சேரும்போது காட்ட வேண்டிய காகிதம் கையில் இருப்பதில்லை.

எது பழுது, எது தேய்மானம்

சாதாரண மேனுவல் கியர் வண்டியில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் தேயும் பொருட்கள். கிளட்ச் பிளேட்டுக்கு வாரண்டி இல்லை என்றுதான் பெரும்பாலான வாரண்டிப் புத்தகங்கள் சொல்கின்றன. கிளட்சில் கால் வைத்தபடியே ஓட்டுபவரின் பிளேட் சீக்கிரம் தேயும் என்பதும் உண்மை. ஆனால் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங், ஷாஃப்ட், சிங்க்ரோ வளையம் (கியர் மாறும்போது சுழலும் வேகத்தைச் சமப்படுத்துவது), ஆயில் சீல் ஆகியவை முப்பதாயிரம் கிலோமீட்டரில் போகக் கூடியவை அல்ல. அப்படிப் போனால் உலோகம், பொருத்திய விதம், ஆயில் ஆகிய மூன்றில் ஒன்றில் குறை இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆட்டோமேட்டிக் வண்டிகளின் கதை வேறு. ஏ.எம்.டி வகையில் இருப்பது சாதாரண கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கும் வேலையை ஆக்சுவேட்டர் செய்கிறது. அங்கே பழுதாவது பெரும்பாலும் அந்த ஆக்சுவேட்டரும் அதன் ஹைட்ராலிக் பம்பும். தனித்தனி கியர் இல்லாத சி.வி.டி வகையில் பெல்ட்டும் புல்லியும். இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்யும் டூயல் கிளட்ச் வகையில், அதிலும் ஆயிலில் நனையாத 'டிரை' கிளட்ச் உள்ளவற்றில், கிளட்ச் உதறலும் கட்டுப்பாட்டு யூனிட்டின் மின் கோளாறும்.

இந்த டிரை கிளட்ச் விவகாரத்தை டெல்டாக்காரர்கள் கொஞ்சம் கவனமாகவே படிக்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன் 2013 நவம்பரில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, ஏழு கியர் டூயல் கிளட்ச் பாக்ஸில் இருந்த சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயிலை ஊற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய ஊர்களில், நின்று நின்று ஓடும் நெரிசலில், அந்த ஆயிலால் மின் இணைப்பில் ஷார்ட் ஏற்பட்டு வண்டி ஓட்டம் இழக்கக் கூடும் என்பதே காரணம். வெப்பம், ஈரப்பதம், நின்று நின்று ஓட்டம்: நாகப்பட்டினத்துக்கும் கும்பகோணத்துக்கும் வேறு வர்ணனை தேவையில்லை. அதே ஆண்டு மார்ச்சில் சீனாவில் இதே வகைப் பாக்ஸுக்காக 3,84,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டிருந்தன.

ஃபோர்டு கம்பெனியின் பவர்ஷிஃப்ட் என்ற டிரை டூயல் கிளட்ச் பாக்ஸ் அடுத்த உதாரணம். ஊர்ந்து செல்லும் வேகத்தில் வண்டி உதறியது. இன்புட் ஷாஃப்ட் சீல் வழியாகக் கசிந்த ஆயில் கிளட்ச் லைனிங்கில் படிந்தது ஒரு காரணம். கட்டுப்பாட்டு மாட்யூலின் கோளாறு இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் உரிமையாளர்கள் புகார் சொன்னபோது, உதறலுக்கு அவர்கள் ஓட்டும் விதமே காரணம் என்று கம்பெனி சொல்லிவந்தது. 2018 ஏப்ரலில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம், வாடிக்கையாளர்களை நடத்திய விதம் மனசாட்சிக்கு விரோதமானது என்று கூறி 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோகஸ் வண்டிகளின் இன்றைய, முன்னாள் உரிமையாளர்கள் சுமார் 19 லட்சம் பேரை உள்ளடக்கிய குழு வழக்கு சமரசமாகி, 2020ல் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. அதில் யாருக்கு எவ்வளவு என்பது, கியர் பாக்ஸ் பாகத்தை மாற்ற எத்தனை முறை சர்வீஸ் சென்டர் போனார் என்ற பதிவைப் பொறுத்து அமைந்தது. பதிவு இருந்தவர் பணம் பெற்றார்.

"ஓட்டுற விதம்" என்ற பதிலை இனி எங்கே கேட்டாலும் இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆஸ்திரேலியத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு வாதம் அதிலிருந்து தெளிவாகக் கிடைக்கிறது: நகர நெரிசலில் ஓட்ட என்று விளம்பரம் செய்து விற்ற வண்டி, நெரிசலில் ஓட்டியதால் கெட்டது என்று விற்றவரே சொல்ல முடியாது.

தண்ணீர் ஏறியதா, இல்லையா

கியர் பாக்ஸின் மேலே பிரீத்தர் என்ற சிறிய காற்றுத் துளை இருக்கும். சூடான பாக்ஸோடு முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கினால், சட்டென்று குளிரும் பாக்ஸ் உள்ளே காற்றை இழுக்கும். அந்த வழியில் தண்ணீரும் நுழையலாம். நுழைந்தால் ஆயில் தெளிவாக இருக்காது. பால் கலந்த டீ நிறத்துக்கு மாறிவிடும். இதைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆகவே தண்ணீர் ஏறியது என்று சொன்ன உடனே, உங்கள் கண் முன்னால் ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கைத் திறக்கச் சொல்லுங்கள். சுத்தமான, உலர்ந்த இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் தலா 100 மில்லி பிடித்து மூடி, மேலே தேதி, வண்டி எண், ஓடிய கிலோமீட்டர் எழுதி, சர்வீஸ் அட்வைசரும் நீங்களும் கையெழுத்திட்டு, ஒன்றை அவர்களிடமும் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். பிளக் திறப்பது முதல் மூடி ஒட்டுவது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அந்த மறுப்பும் வீடியோவில் பதிவாகட்டும்.

கிளட்ச் விஷயத்திலும் கண்ணால் பார்த்தே நிறையச் சொல்லிவிடலாம். தவறாக ஓட்டித் தேய்ந்த பிளேட்டில் லைனிங் சீராகக் குறைந்திருக்கும், ரிவெட் தலை வெளியே தெரியத் தொடங்கும், பிரஷர் பிளேட்டில் வெப்பத்தால் நீலநிறத் திட்டுகள் இருக்கும். சீல் கசிந்து கெட்டதாக இருந்தால் லைனிங் தடிமன் ஏறத்தாழ அப்படியே இருக்கும். மேலே கறுத்த பிசுக்கு படிந்திருக்கும். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதியில் ஆயில் வடிந்த தடம் தெரியும். இரண்டுக்கும் காரணம் வேறு, பொறுப்பாளியும் வேறு. பாக்ஸை இறக்கும் நாளில் நேரில் இருக்க அனுமதி கேட்டு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புங்கள். லைனிங், சீல், ஹவுசிங் மூன்றையும் ஸ்கேலோடு சேர்த்துப் படமெடுங்கள். பாகத்தின் மேல் அச்சிட்டிருக்கும் பாக எண்ணையும் பேட்ச் குறியையும் மறக்காதீர்கள். வாரண்டியில் கழற்றிய பழைய பாகம் பொதுவாகக் கம்பெனிக்குப் போய்விடும்; அதன் பிறகு உங்களிடம் இருக்கப் போவது இந்தப் படங்கள் மட்டுமே.

வண்டி நடுவழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டியின் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருண்டபடி இழுபட்டால், இஞ்சின் ஓடாததால் பம்ப் வேலை செய்யாமல், ஆயில் போகாமல் உள் பாகங்கள் தேயும். நல்ல வழக்கு ஒன்று வேதாரண்யத்திலிருந்து திருவாரூர் வந்து சேர்வதற்குள் இப்படிக் கெட்டுவிடலாம். பிளாட்பெட் வண்டியில் ஏற்றி, அந்த ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த மெக்கானிக்காக இருந்தாலும் வெளியில் பாக்ஸைத் திறக்க வேண்டாம். டிராவல்ஸ் வண்டிகளில் ஜி.பி.எஸ், பாட்டு செட் பொருத்தியவர் கியர் கட்டுப்பாட்டு வயரிங்கில் கை வைக்கவில்லை என்பதையும் ரசீதோடு நிறுவ முடிந்தால் நல்லது. கம்பெனி அடுத்ததாகக் கை காட்டுவது அங்கேதான்.

ஜாப் கார்டு

ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும், சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் உங்கள் புகார் உங்கள் வார்த்தையில் இருக்க வேண்டும். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். "காலையில் முதல் இரண்டு கிலோமீட்டர் சரி, சூடான பின் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறுகிறது, இரண்டு முறை தானாக நியூட்ரலுக்குப் போனது" என்று எழுதச் சொல்லுங்கள். ஓடிய கிலோமீட்டர், தேதி, நேரம், எந்த ரோடு, என்ன வேகம் எல்லாம் வேண்டும். வண்டியை எடுக்கும்போது ஸ்கேனர் அறிக்கையைப் பிரிண்ட் எடுத்துக் கேளுங்கள். அதில் வரும் கோளாறுக் கோடுகளில் பி0700 (P0700) என்றால் கியர் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ கோளாறு என்று பொது அறிவிப்பு மட்டுமே. பி0730 வந்திருந்தால் கியர் விகிதம் பொருந்தவில்லை. யு0101 என்றால் கியர் மாட்யூலோடு தொடர்பு அறுந்திருக்கிறது. இந்தக் கோளாறுக் கோடுகளை அழித்துவிட்டு "பிரச்சினை இல்லை" என்று எழுதிக் கொடுப்பது நடக்கிற காரியம். அழிக்கும் முன் பிரிண்ட் வேண்டும். சாஃப்ட்வேர் அப்டேட் போட்டிருந்தால் அதுவும் ஜாப் கார்டில் ஏற வேண்டும். ஒரே புகாருக்கு மூன்று முறை அப்டேட் போட்டார்கள் என்பது, குறை இருப்பதைக் கம்பெனி அறிந்திருந்தது என்று காட்ட உதவும்.

சட்டத்தில் எந்தக் கதவு

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே இருக்கிறது, 82 முதல் 87 வரையான பிரிவுகள். உற்பத்தியிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தால் உற்பத்தியாளர் பொறுப்பு என்கிறது 84. பலரும் இதைப் படித்துவிட்டு மனு எழுதி, அங்கேயே சறுக்குகிறார்கள். காரணம் பிரிவு 2(22). அந்த அத்தியாயத்தின் கீழ் 'தீங்கு' என்பதில் அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் சேராது. வெறும் வணிக, பொருளாதார இழப்பும் சேராது. கியர் பாக்ஸ் உடைந்து வண்டி மோதி ஆளுக்குக் காயம், அல்லது வேறொருவர் சுவர் இடிந்தது என்றால் இந்தக் கதவு திறக்கும். கியர் பாக்ஸ் மட்டும் போனது என்றால் திறக்காது.

அப்போது நமக்கான வழி பழைய வழிதான்: 2(10)ன் கீழ் பொருளில் 'குறைபாடு', டீலரின் நடத்தைக்கு 2(11)ன் கீழ் 'சேவைக் குறைபாடு', பரிகாரத்துக்குப் பிரிவு 39. குறையை நீக்குவது, வண்டியை மாற்றுவது, விலையை வட்டியோடு திருப்புவது, இழப்பீடு எல்லாம் அதில் உண்டு. மனுவில் பிரிவு எண் தவறாக இருந்தாலே வழக்கு போய்விடாது. ஆனால் எதை நிரூபிக்க வேண்டும் என்பது மாறிவிடும்.

வண்டியையே மாற்றித் தா என்று கேட்பவர்கள் ஒரு தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான் சொல்கிறது, ஆகவே முழு வண்டியையும் மாற்றச் சொன்ன உத்தரவு நிற்காது என்றது. அங்கும் புகார் கிளட்சைப் பற்றியதே. இதனால் மனுவில் கோரிக்கைகளைப் படிப்படியாக வைப்பது புத்திசாலித்தனம்: வண்டி மாற்றம் அல்லது விலை திரும்ப, இல்லையேல் புதிய கியர் பாக்ஸ் முழுதாக, அதற்கு மறு வாரண்டி, எப்படியாயினும் வாடகைக் கார், இழுவை, பழுது ரசீது, மன உளைச்சல், வழக்குச் செலவு. முதல் கோரிக்கையை மட்டும் வைத்துப் போராடி, கடைசியில் எதுவும் கிடைக்காமல் போனவர்கள் உண்டு.

மறுபக்கம், 2022 ஏப்ரலில் ஹூண்டாய் ஏர்பேக் வழக்கில் உச்ச நீதிமன்றம், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட நுகர்வோர் ஒன்றும் இயற்பியல் நிபுணர் அல்ல என்றது. கியர் பாக்ஸுக்குள் என்ன நடந்தது என்பதை நீயே நிரூபி என்று கம்பெனி சொல்லும்போது அந்த வரி துணைக்கு வரும். அதற்காக நிபுணர் அறிக்கையே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்கிறது 38(2)(சி). அறிக்கைக்கு 45 நாள். வண்டியைப் பார்த்து அறிக்கை தர இயந்திரவியல் தெரிந்த ஒருவரை நியமிக்க ஆணையத்திடம் மனுச் செய்யலாம். அரசு பாலிடெக்னிக், துவாக்குடி என்.ஐ.டி போன்ற இடங்களின் மெக்கானிக்கல் துறை நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த மனுவை வழக்கோடு சேர்த்தே போடுங்கள். தாமதித்தால் வண்டி கொட்டகையில் நின்று துருப்பிடித்து, புதிய சேதமும் பழைய சேதமும் கலந்துவிடும்.

நம் ஊரிலேயே

வண்டியை சென்னையிலோ காரைக்காலிலோ வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், பிரிவு 34(2)(டி). தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் உள்ளவர்கள் கம்பெனியின் தலைமை அலுவலகத்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். கட்டணம்: 5 லட்சம் வரை இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 வரை 400, 20 முதல் 50 வரை 1,000. வக்கீல் கட்டாயம் இல்லை. இணைய வழியிலும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் எழுதி எண் வாங்குவது இலவசம். அந்தப் புகாருக்குக் கம்பெனி தரும் பதிலும் பின்னால் ஆதாரமாகும்.

டீலர், உற்பத்தியாளர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். இருவருக்கும் இடையே உள்ளது முதலாளி–முகவர் உறவு அல்ல என்று கம்பெனி சொல்லும்; டீலரின் தனிப்பட்ட தவறுகளுக்கு அது பொருந்தும், உற்பத்திக் குறைக்குப் பொருந்தாது. எதிர்தரப்பு பதில் தர 30 நாள், கூடினால் இன்னும் 15. அந்த 45ஐத் தாண்டினால் ஏற்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டது. நமக்கும் கெடு உண்டு: வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். "பார்க்கிறோம், மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்" என்ற மின்னஞ்சல்கள் அந்தக் கெடுவை நீட்டாது. நோட்டீஸ் அனுப்பிக்கொண்டே இருப்பதும் நீட்டாது.

கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரக டிரிப் ஓட்டுபவர்கள், வேளாங்கண்ணி–நாகூர் ஓட்டுபவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: டாக்ஸி போர்டு வண்டிக்கு இது பொருந்துமா? சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான். 2(7)ன் விளக்கம் அவரைக் காக்கிறது. பத்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டும் டிராவல்ஸ் முதலாளிக்கு அந்த வழி அடைபடும். அவர் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். மனுவில் "பிழைப்புக்காக, நானே ஓட்டுகிறேன்" என்ற வாக்கியமும், உங்கள் பேட்ஜ், லைசென்ஸ் நகலும் கட்டாயம்.

ஒரே மாடலில் ஒரே கோளாறு உள்ளவர்கள் சேர்ந்து வழக்குப் போட 35(1)(சி) இடம் தருகிறது. ஆணையத்தின் அனுமதி வேண்டும், எல்லோருடைய நலனும் ஒன்றாக இருக்க வேண்டும். 2016ல் தேசிய ஆணையத்தின் பெரிய அமர்வு சொன்ன முறைப்படி, எல்லோருடைய தொகையும் கூட்டித்தான் எந்த ஆணையம் என்று பார்ப்பார்கள். 12 லட்சம் வண்டி நான்கு என்றால் 48 லட்சம், மாவட்டத்திலேயே நிற்கும். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். டெல்டா அளவில் நாலைந்து பேர் என்றால், தனித்தனி மனு போட்டு ஒன்றாக விசாரிக்கக் கேட்பது எளிது. ஒருவரின் ஜாப் கார்டு அடுத்தவருக்கு ஆதாரமாகும்.

திரும்ப அழைப்பு வழி தனி. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஓட்டுபவருக்கோ சாலையில் செல்பவருக்கோ ஆபத்து விளைக்கும் குறை என்றால் வண்டிகளைத் திரும்ப அழைக்க மத்திய அரசு உத்தரவிடலாம் என்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் அமலில் உள்ளன. உதறல் மட்டும் என்றால் இதில் அடங்குவது கடினம். தஞ்சாவூர்–விக்கிரவாண்டி சாலையில் லாரிக்கு முன்னால் வண்டி நியூட்ரலுக்குப் போனது என்றால் அது பாதுகாப்புக் குறை; புகாரை அப்படியே, வேகத்தோடும் இடத்தோடும் எழுதுங்கள். உங்கள் சேஸிஸ் எண் ஏற்கெனவே ஏதாவது திரும்ப அழைப்பில் இருக்கிறதா என்று கம்பெனி இணையதளத்தில் பார்த்துவிடுவதும் நல்லது.

வழக்கு முற்றும் நேரத்தில் 'குட்வில்' என்று ஒரு கடிதம் வரும்: பாகத்தின் விலையில் பாதியைக் கம்பெனி ஏற்கும், கூலி உங்களுடையது, இத்தோடு எல்லாம் முடிந்தது என்று கையெழுத்துப் போடுங்கள். ஏற்பதானால் ஏற்கலாம், தப்பில்லை. ஆனால் பொருத்தப் போவது புதுப் பாகமா, பழுது பார்த்ததா. பாக எண் பழையதா, திருத்தியதா. எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர் வாரண்டி. அதே கோளாறு மீண்டும் வந்தால் உரிமை நிற்குமா என்ற நான்கும் அந்தக் கடிதத்திலேயே எழுத்தில் வர வேண்டும். தீர்ப்பு வந்து கம்பெனி மேல்முறையீடு போனால், 45 நாளுக்குள் போக வேண்டும், உத்தரவுத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் தராவிட்டால் பிரிவு 71ல் நிறைவேற்று மனு, 72ல் தண்டனை மனு; பிந்தையதில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.